பதினோரு அம்புகள் ஒட்டிய சைக்கிள்

எனக்குச் சம்பளம் கொடுத்ததே குறை கண்டுபிடிக்கத்தான். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில், செக்கிங் செக்ஷனில் பதினான்கு வருடம் நின்றேன். நின்றேன் என்று சும்மா சொல்லவில்லை, செக்கிங் டேபிளுக்கு ஸ்டூல் கிடையாது. தைத்து முடித்த பீஸ்கள் குவியலாக முன்னால் வந்து விழும். ஒவ்வொன்றாக எடுத்து கழுத்து, தோள், கை, பக்கத் தையல், அடிமடிப்பு என்று கண்ணையும் விரலையும் ஒரே வேகத்தில் ஓட்ட வேண்டும். ஓட்டையோ, எண்ணெய்க் கறையோ, விட்டுப்போன தையலோ கண்ணில் பட்டால் அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி ஓரமாகப் போட வேண்டும். அம்பின் முனை எந்தத் தையலைக் காட்டுகிறதோ, அதைத் தைத்த டைலருக்கு அந்தப் பீஸ் அவர் நம்பர் எழுதிய சீட்டோடு திரும்பிப் போகும். சரியாக இருக்கும் பீஸுக்கு ஸ்டிக்கரும் கிடையாது, நல்ல வார்த்தையும் கிடையாது. பேசாமல் அடுத்த டேபிளுக்குத் தள்ளிவிடுவோம்.

கம்பெனியில் வைத்துவிட்டு வர முடிகிற பழக்கமா அது? ஆறு மணிக்கு டேபிளை விட்டு வந்தாலும் கண் கூடவே வந்தது. குழம்பில் உப்பு, வீட்டுக்காரர் சட்டைக் காலரில் அழுக்கு, பக்கத்து வீட்டுக் கோலத்தில் ஒரு புள்ளி தள்ளிப் போனது, கல்யாண வீட்டில் மணப்பெண்ணின் ஜாக்கெட்டில் தோள் தையல் ஏறி இறங்கினது, எதுவும் தப்பாது. கண்ணில் பட்டதை வாய் சொல்லிவிடும். "உன்ற கண்ணுக்கு ஒரு நாளாவது லீவு குடு புள்ள" என்பார் வீட்டுக்காரர். அவர் ஓவர்லாக் மெஷினில் தைக்கிற டைலர். என்னைப் போன்றவர்களிடம் தினமும் திட்டு வாங்குகிற ஜாதி என்பதால் அப்படிப் பேசுகிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

எங்களுக்கு ஒரே பெண். அவள் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது, தீபாவளி போனஸில் ஒரு சின்ன சைக்கிள் வாங்கினோம். ஊதா நிறம். முன்னால் ஒரு கூடை, ஹேண்டில் இரண்டு பக்கமும் தொங்குகிற பிளாஸ்டிக் குஞ்சம். எங்கள் லைன் வீட்டில் வரிசையாக ஆறு வீடு. ஆறு வீட்டுக் குழந்தைகளும் வந்து மணியை அடித்துப் பார்த்துவிட்டுப் போயின. என் மகள் அன்று இரவு சைக்கிளை வீட்டுக்குள் கொண்டுவந்து, தன் பாய்க்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டுதான் தூங்கினாள்.

மறுநாளிலிருந்து நான் கம்பெனி விட்டு வந்ததும் சந்தில் ஓட்டப் பழக்கினேன். எங்கள் வீட்டிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரைக்கும் ஒரு நேர்ச் சந்து, அங்கே திரும்பினால் ஒரு குடோன் சுவரை ஒட்டி இன்னொரு தெரு. நான் சந்தின் நடுவில் இடுப்பில் கை வைத்து நின்றுகொள்வேன். "முதுகை நிமுத்து. ஹேண்டிலை ஆட்டாத. கீழ பாக்காத, ரோட்டைப் பாரு. குதிங்கால்ல மிதிக்காத." அவள் போகும்போது ஒரு நாலு சொல்வேன், திரும்பி வரும்போது ஒரு நாலு. ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ, பாதிச் சந்தில் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தாள். மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில், சன்ஷேடுக்கு அடியில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"நான் ஓட்டுலீங்கம்மா" என்றாள். அவ்வளவுதான்.

பயம் என்று நானே முடிவு கட்டினேன். கெஞ்சினேன், திட்டினேன், முட்டாய் வாங்கித் தருவதாகச் சொன்னேன். தலைகீழாக நின்றும் அவள் சைக்கிள் பக்கம் போகவில்லை. கேட்டவர்களிடம் எல்லாம், "என்ற புள்ள சரியான பயந்தாங்கொள்ளிங்க, வுழுந்துருவோமுன்னு நடுங்குது" என்று அவள் காதில் விழவே சொன்னேன். இரண்டு வருடம் அந்தச் சைக்கிள் சன்ஷேடுக்கு அடியிலேயே நின்றது. அவள் கால்தான் வளர்ந்துகொண்டே போயிற்று.

ஐந்தாம் வகுப்பு முடிந்தபோதுதான் சிக்கல் வந்தது. ஆறாம் வகுப்புக்குப் பெண்கள் பள்ளிக்கூடம் நாலு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. டவுன் பஸ் ஒன்று எட்டு மணிக்கு முன்னாலேயே போய்விடும், அதில் போனால் பள்ளிக்கூடக் கேட்டே திறந்திருக்காது, அடுத்தது ஒன்பதே முக்காலுக்கு மேல்தான். எங்கள் இரண்டு பேருக்கும் எட்டரைக்குக் கம்பெனி, ஒருவருக்குக் கிழக்கே, ஒருவருக்கு மேற்கே. அவள் வகுப்புப் பெண்கள் எல்லாரும் சைக்கிளில் போவதாகப் பேசிக்கொண்டார்கள். ஓட்டாத பெண்ணை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது? வெள்ளகோவிலில் என் அக்கா இருந்தாள். அவள் வீட்டுக்கு எதிரிலேயே பள்ளிக்கூடம். "இங்க கொண்டாந்து உடு, என்ற புள்ளையோட புள்ளையா இருந்துட்டுப் போகட்டும்" என்று அக்கா நல்ல மனதோடுதான் சொன்னாள். மே மாதம் முடிவதற்குள் சொன்னால் இடம் வாங்கி வைக்கிறேன் என்றாள்.

மகளிடம் கேட்டோம். அழுவாள், போகமாட்டேன் என்று காலைக் கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அப்படி அழுதால் என்ன சொல்லிச் சமாதானப்படுத்துவது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். அவள் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "சரிங்க, பெரியம்மா ஊட்டுக்கே போறேனுங்க" என்றாள். முகத்தில் சந்தோஷம்கூட இருந்தது. பெற்றவளுக்கு அது எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அன்று பாத்திரம் கழுவும்போது ஒரு டம்ளரை மூன்று தடவை தேய்த்தேன்.

போகிற பிள்ளைக்கு எதற்குச் சைக்கிள், துருப்பிடித்து மண்ணாகிப் போவதற்குள் விற்றுவிடலாம் என்றார் வீட்டுக்காரர். எக்ஸ்போர்ட் அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டி, 'சிறுவர் சைக்கிள், அதிகம் ஓட்டாதது, விற்பனைக்கு' என்று மார்க்கர் பேனாவால் எழுதி, முக்கு மளிகைக் கடையில் தொங்கவிட்டார். எங்கள் ஊரில் சனிக்கிழமைதான் வாரச் சம்பளம். ஆனால் சனிக்கிழமை யாரும் இரும்பு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். கையில் காசும் இருந்து, நாளும் நல்லதாக இருப்பது ஞாயிற்றுக்கிழமைதான். அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலமே சைக்கிளைத் துடைத்து வைக்க உட்கார்ந்தேன்.

பனியன் வேஸ்ட் துணி ஒரு கை நிறைய எடுத்துக்கொண்டு தூசியைத் துடைத்தேன். முன்சக்கர வளையத்தில் துரு இருந்தது. கை என் கம்பெனிப் பைக்குள் போனது. பையில் டிபன் பாக்ஸுக்கு அடியில், தீரப்போகிற ஒரு ஸ்டிக்கர் ரோல் கிடந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், யோசித்துச் செய்யவில்லை. துரு மேல் ஒரு அம்பு ஒட்டினேன். மணியின் தலையில் பெயிண்ட் உரிந்திருந்தது, ஒரு அம்பு. சீட்டின் ஓரத்தை எலி கடித்திருந்தது, ஒரு அம்பு. பிரேக் ரப்பர் காய்ந்து கட்டையாகிப் போயிருந்தது, இரண்டு பக்கமும் இரண்டு அம்பு. இப்படியே போய்ப் பின்சக்கரம் வரைக்கும் பத்து ஆயிற்று. பெடலைச் சுற்றினேன். செயின் 'கீச்' என்றது. சத்தத்துக்கு எங்கே ஒட்டுவது? கொஞ்ச நேரம் யோசித்துச் செயின் கவர் மேல் ஒட்டினேன். பதினொன்று.

வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டார். "ஏம்புள்ள, வண்டிய விக்கறயா, ரிஜெக்ட் பண்றயா?"

"இருக்கறதத்தான காட்டிருக்கேன்."

"சத்தத்துக்குமா? தள்ளு, நாலு சொட்டு மெசின் ஆயில் உட்டா போயிரும்."

"ஆயில் உட்டா சத்தம் மறைஞ்சுரும். வாங்கறவங்களுக்குத் தெரிய வேண்டாமுங்களா?" என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார். எனக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது. கம்பெனியில் ஒரு தடவை ஒரே ஒரு ஓட்டை கண்ணுக்குத் தப்பிப் போய், கட்டி முடித்த பெட்டிகளையெல்லாம் திரும்பப் பிரித்த ஆள் நான். மறைத்து விற்பது என்றால் எனக்கு உடம்பே கூசும்.

ஆனால் துடைத்து முடித்த பிறகு ஒன்று உறுத்தியது. சைக்கிள் கீழே விழுந்தால் எங்கே அடிபடும்? ஹேண்டில் முனையில், பெடல் ஓரத்தில், பிரேக் கைப்பிடியில். அந்த மூன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. பதினோரு அம்பும் நின்று கெட்டதைத்தான் காட்டின, ஓடிக் கெட்டதை ஒன்றும் காட்டவில்லை. மகள் வாசற்படியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்கண்ணு, நீ ஒருக்காகூட வுழுகலயா?"

"இல்லீங்க."

"பொறவு எதுக்கு ஓட்டாம உட்ட?"

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். எந்தத் தப்புக்கும் ஒரு டேபிள் இருக்கும், அந்த டேபிளில் ஒரு நம்பர் இருக்கும். பதினான்கு வருடத்தில் நம்பர் தெரியாத தப்பு என்று ஒன்றை நான் விட்டதில்லை. இதற்கு மட்டும் நம்பர் கிடைக்கவில்லை.

முதல் ஞாயிறு இரண்டு பேர் வந்தார்கள். முதலில் வந்தவர் தூரத்திலிருந்தே சிவப்பு அம்புகளைப் பார்த்துவிட்டு, "லாரில கீரில அடிபட்ட வண்டிங்களா?" என்று கேட்டார். இல்லை என்று நான் ஒவ்வொன்றாக விளக்க ஆரம்பித்தேன். ஐந்தாவது அம்பில் அவருக்கு வேறு வேலை ஞாபகம் வந்துவிட்டது. இரண்டாமவர் நிட்டிங் கம்பெனிக்காரர், விவரமானவர். அம்புகளை எண்ணி, அம்புக்கு இவ்வளவு என்று விலையைக் குறைத்துக்கொண்டே வந்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"இதெல்லாம் மைனர் கொறைங்க. மேஜர் கொறை ஒண்ணுகூடக் கெடையாதுங்க" என்றேன்.

"மைனரே பதினொண்ணு இருந்தா அது மேஜருதானுங்க" என்றார் அவர். கம்பெனிக் கணக்கில் அது சரிதான். அதனால் இன்னும் எரிச்சலாக வந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று போனவர் திரும்பி வரவில்லை.

அந்த வாரம் முழுக்க வீட்டுக்காரர், "அதைய உரிச்சுப் போடு, உரிச்சுப் போடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நானா உரிப்பேன்? வெள்ளகோவிலிலிருந்து அக்கா மளிகைக் கடை போனில் கூப்பிட்டு, என்ன முடிவு என்று கேட்டாள். அடுத்த வாரம் கொண்டுவந்து விடுகிறோம் என்றேன். மகள் தன் துணிகளில் எதை எடுத்துப் போவது, எதை வைத்துவிட்டுப் போவது என்று இரண்டாகப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் மடிப்பில் ஓரம் சேரவில்லை. அதையும் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு, பதினோரு மணி இருக்கும். ஒரு பெண் தன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம், இரண்டு தெரு தள்ளி வீடு. சர்ச்சிலிருந்து நேராக வந்திருந்தார்கள் போல. குழந்தைக்கு ஆறு வயது இருக்கும். வெள்ளை கவுன், தலையில் வெள்ளை ரிப்பன். அது சைக்கிளைப் பார்த்ததும் அம்மாவின் கையை உதறிவிட்டு ஓடிவந்தது.

"கோயிலுக்குப் போயிட்டு வாரோம்க்கா. கடையில அட்டைய பாத்ததுல இருந்து ஒரே அழுக" என்றாள் அந்தப் பெண். பிறகு சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்து, "என்னக்கா இது, அம்ம போட்ட பிள்ள மாரி செவப்பு செவப்பா ஒட்டி வச்சிருக்கிய?" என்று கேட்டாள்.

நான் ஆரம்பித்தேன். இந்தத் தடவை பதினொன்றையும் சொல்லவிட்டாள். அவள் ஒரு கம்பெனியில் பீஸ் மடித்துப் பெட்டியில் போடுகிறவள். செக்கிங்காரிகளின் குணம் அவளுக்குத் தெரியும். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"எங்க கம்பெனிலயும் ஒங்கள மாரி ஒரு அக்கா இருக்காவ. சோத்துப் பானைய தெறந்தாக்கூட கல்லு பொறுக்குத மாரிதான் பாப்பாவ. அது கெடக்கட்டும்க்கா. வண்டி ஓடுமா? ரெண்டு வருசம் நின்ன வண்டின்னு சொல்லுதிய. வாங்கிட்டுப் போயி ஓடலன்னா எங்க வீட்டுல அவிய ஏசுவாவ. ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்க."

நியாயமான கேள்வி. நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். "நான் ஏறுனா வண்டி அங்கயே உக்காந்துருமுங்க" என்றார். பிறகு அவர் என்னைப் பார்த்தார். இதுவரைக்கும் சொல்லாமல் விட்ட ஒன்றை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. சின்ன வயதிலும் ஏறியதில்லை, பிறகும் ஏறியதில்லை. முதுகை நிமிர்த்து, குதிங்காலில் மிதிக்காதே என்று அத்தனை சொன்னேனே, எல்லாம் அடுத்தவர் ஓட்டுவதைப் பார்த்துச் சொன்னதுதான். தைக்கத் தெரியாமலே தையலில் குறை சொல்லிப் பிழைத்தவளுக்கு இதில் கூச்சம் வந்ததே இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் முதன்முதலாக வந்தது.

அப்போது என் மகள் வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். "நான் ஓட்டிக் காட்டறேனுங்க" என்றாள்.

அவள் சைக்கிள் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் சொன்னாள். "ஆனா அம்மா உள்ள போகோணும். கதவையும் சாத்திக்கோணும்."

யாரோ ஒரு பெண்ணுக்கு முன்னால், என் வாசலில், என் வயிற்றில் பிறந்தது என்னை உள்ளே போகச் சொல்கிறது. சுருக்கென்று கோபம் ஏறியது. 'ஏன், நான் நின்னா வண்டி ஓடாதா' என்று கேட்க வாயைத் திறந்தேன். வீட்டுக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுகிற பார்வை இல்லை, கெஞ்சுகிற பார்வை. வருடக்கணக்காக, என்னைப் போன்றவர்கள் பக்கத்தில் வந்து நின்றாலே தையல் கோணிப்போன ஆள் அவர். திறந்த வாயை மூடிக்கொண்டு உள்ளே போனேன். கதவைச் சாத்தினேன்.

எங்கள் வீட்டுக்குச் சந்தைப் பார்த்து ஜன்னல் கிடையாது. இருட்டில் கதவின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றேன். வெளியே ஸ்டாண்டைத் தட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றும் இல்லை. அப்புறம், 'கீச்'.

நான் ஆயில் விட வேண்டாம் என்று சண்டை போட்ட அதே செயின். கீச், கீச் என்று முதலில் தட்டுத்தடுமாறி வந்தது. பிறகு ஒரே சீராக விழுந்தது. தண்ணீர்த் தொட்டியை நோக்கிப் போகப் போகச் சத்தம் மெலிந்தது. திரும்புகிற இடத்தில் அறுந்து நின்றுவிட்டது. விழுந்துவிட்டாளா? கை தாழ்ப்பாளுக்குப் போனது. திறந்திருப்பேன். ஆனால் விழுந்தவள் எழுந்து பார்க்கும்போது முதலில் என் முகம் தெரிய வேண்டுமா என்று ஒரு நினைப்பு வந்தது. கையை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, மெல்ல, குடோன் பக்கத்திலிருந்து கீச், கீச் என்று வந்தது. அவள் விழவில்லை, அடுத்த தெருவுக்கே போய்ச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறாள்.

வாசலில் வந்து நின்றதும் அந்தக் குழந்தை கைதட்டியது. "நீ ஏறு பாப்பா, நான் புடிச்சுக்கறேன்" என்று என் மகள் சொன்னாள். மறுபடியும் கீச், கூடவே ஓடுகிற செருப்புச் சத்தம். "போ, போ. ஆடுனா ஆடிட்டுப் போகுது. நல்லாத்தான் ஓட்டற. நீயே பாரு, நான் புடிக்கவே இல்ல" என்று அவள் குரல் கேட்டது. நல்லாத்தான் ஓட்டற. அதை நான் என் மகளிடம் சொன்னதே இல்லை. இருட்டுக்குள் நின்று அழுதேன். அழுகை நின்றபோது மனசில் பாரம் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"அம்மா, வெளிய வரலாமுங்க" என்று மகள் கூப்பிட்டாள்.

விலை பேச இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் பெண் கேட்டதைக் கொடுத்துவிட்டேன். கடைசியில் நானே ஸ்டிக்கர்களை உரிக்கக் குனிந்தேன். அந்தக் குழந்தை சைக்கிளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "எடுக்காதீங்க, எனக்கு வேணும்" என்று அலறியது. அது அவற்றையெல்லாம் அலங்காரம் என்று நினைத்திருந்தது. பதினோரு அம்போடும் எங்கள் சைக்கிள் சந்தைத் தாண்டிப் போயிற்று. வெள்ளைக் கவுன் சீட்டில் இருக்க, அம்மாக்காரி தள்ளிக்கொண்டு போனாள்.

சாப்பிடும்போது மகளிடம் கேட்டேன். "எங்க கத்துக்கிட்ட கண்ணு?"

"பெரியம்மா ஊட்டுலதானுங்க. போன லீவுல அந்த ஊட்டு அக்காவோட பெரிய சைக்கிளவே ஓட்டுனேன்."

"அம்மாகிட்டச் சொல்லவே இல்லையே?"

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "சொன்னா ஓட்டிக் காட்டச் சொல்லுவீங்க."

வீட்டுக்காரர் எழுந்து கை கழுவப் போனார். எனக்கு அந்தத் தப்புக்குச் சீட்டில் எழுத வேண்டிய நம்பர் கிடைத்துவிட்டது. என்னுடைய நம்பர்தான். வெள்ளகோவிலுக்கு அவள் ஏன் சந்தோஷமாகச் சரி என்றாள் என்பதும் அப்போதுதான் புரிந்தது. அங்கே பள்ளிக்கூடம் எதிரில் இருப்பதற்காக அல்ல. ரோட்டின் நடுவில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு யாரும் நிற்க மாட்டார்கள் என்பதற்காக. சாயங்காலம் அக்காவுக்குப் போன் போட்டேன். "உனக்குத் தெரியாதா? தோட்டத்துப் பாதை பூராவும் பறப்பாளே" என்று அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று படுப்பதற்கு முன் மகள் பக்கத்தில் உட்கார்ந்தேன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. "அம்மா பேசுனது தப்பு கண்ணு. நீ பயந்தாங்கொள்ளி இல்ல. இங்கயே இருந்துக்கறயா? பெரிய சைக்கிள் வாங்கித் தாரேன்" என்றேன். அவள் போர்வை ஓரத்தைத் திருகிக்கொண்டே பேரம் பேசினாள்.

"ஓட்டறப்ப நீங்க பாக்கக் கூடாது."

"பாக்கல."

"கதவுச் சந்துலயும் பாக்கக் கூடாது."

"அதுலயும் பாக்கல."

அக்காவிடம் இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். சின்னது விற்ற காசோடு சேர்த்துப் போட்டு, ஒரு பச்சை நிற லேடீஸ் சைக்கிள் வந்தது. பள்ளிக்கூடம் திறக்க இரண்டு வாரம் இருந்தது. தினமும் சாயங்காலம் அவள் வண்டியை எடுத்ததும் நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். லைன் வீட்டுக்காரர்கள் எல்லாரும் என்னைக் கேலி பேசினார்கள். புது வண்டி சத்தமே போடாது. போய்விட்டாளா, வந்துவிட்டாளா, ஒன்றும் தெரியாது. கீச் என்கிற அந்தப் பழைய செயினுக்காக ஏங்கிப் போனேன். கம்பெனியில் மட்டும் என் வேலை மாறவில்லை, மாறவும் முடியாது. ஆனால் சரியாக வந்த பீஸைத் தள்ளும்போது, பக்கத்தில் நிற்கிற டைலரிடம், "நல்லா வந்துருக்குதுங்க" என்று ஒன்றிரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். அவர்கள்தான் பயந்து போனார்கள்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று காலையில் நான் வழக்கம்போல உள்ளே போய்க் கதவைச் சாத்தப் போனேன். சீருடையில் இரட்டைச் சடையோடு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றவள் கூப்பிட்டாள். "அம்மா, இன்னைக்கு வெளியவே நின்னு பாருங்க."

வெளியே வந்து வாசலில் நின்றேன். அவள் ஏறினாள், மிதித்தாள். பையின் ஒரு வார் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. சீட் ஒரு விரல் உயரம் அதிகம். ஒரு சடை ரிப்பன் அவிழப் போகிறது. அப்புறம் அந்தக் குதிங்கால், அன்றைக்கும் குதிங்காலில்தான் மிதித்தாள். நாலு அம்பு. நாலையும் விழுங்கிக்கொண்டு, "நல்லா ஓட்டற கண்ணு!" என்று சத்தமாகச் சொன்னேன். தண்ணீர்த் தொட்டி வரைக்கும் நேராகப் போய், ஒரு கையால் வாரை இழுத்து மடியில் செருகிக்கொண்டு, அவளாகவே திரும்பினாள்.

நல்லவேளை, அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், 'ரோட்டைப் பாரு' என்று கட்டாயம் கத்தியிருப்பேன்.